கிராண்ட் நகல் போதாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்ற கெடுவில் வந்து நிற்கிறது. பெஸ்தாரி ஜெயா முதல் தஞ்சோங் காராங் வரை தோட்ட அலுவலகங்களில் ஜிபிஎஸ் எல்லை, காடழிப்புக்கான 2020 டிசம்பர் 31 வரம்புத் தேதி, செம்பனைக் குலை எந்த ஆலைக்குப் போனது என்பவைதான் பேச்சு. அந்த வேலை எப்படியும் முடிந்துவிடும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. உறுதிமொழிப் படிவத்தில் 'நாட்டின் சட்டப்படி விளைந்தது' என்று உறுதி சொல்லும் பகுதியில் பூர்வகுடிகளின் முன்னறிந்த சம்மதமும் அடங்கும். அங்கே கிராண்ட் (நிலப்பட்டா) நகலை இணைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது.

இது தவறு என்பதற்கு நம் நீதிமன்றமே சாட்சி. 1995-ல் டெங்கில் வட்டாரப் பூர்வகுடிகளான தெமுவான் மக்களின் நிலத்தை நெடுஞ்சாலைக்காக எடுத்தபோது, 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டத்தைக் காட்டிப் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டுமே பணம் கொடுத்தார்கள். சகோங் தாசி வழக்கில் 2002-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அந்த நிலமே அவர்களுக்கு உரியது என்றது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அரசிதழில் ஏறாத மரபு நிலத்துக்கும் உரிமை உண்டு என்பது இந்த நாட்டின் சட்டம்.

நிலத்தைக் காப்பதிலும் பூர்வகுடிகளுக்கு உள்ள பங்கை நாம் குறைத்தே எழுதுகிறோம். நம் சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் கெராச்சி, பெர்தாக் கிராமங்களின் தெமுவான் மக்கள் டுரியான், பெத்தாய், மூங்கிலை நம்பி வாழ்ந்ததால் அந்த நீர்ப்பிடிப்புக் காடு காடாகவே இருந்தது. அணைக்காக அவர்களை இடம் மாற்றினார்கள். அந்த ஆற்றின் நன்னீர் குறைந்து உப்பு ஏறினால், கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் தங்கும் பெரம்பாங் மரங்கள் தாங்காது. 2021-ல் கோல லங்காட் வட காப்புக்காட்டின் 536.7 ஹெக்டர் சதுப்பு நிலம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர்கள் தெமுவான் மக்கள். அவர்கள் தடுத்தது என்ன என்பதற்கு ராஜா மூசா காப்புக்காடே சாட்சி: கால்வாய் வெட்டி நீரை வடித்த பிறகு அங்கே சதுப்பு நிலம் எரிந்தது.

அப்படியிருந்தும் அவர்களின் எல்லைகள் வரைபடத்தில் ஏறவில்லை. மனித உரிமை ஆணையமான சுஹாகாம், பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய தன் தேசிய விசாரணை அறிக்கையை 18 பரிந்துரைகளுடன் 2013-ல் வெளியிட்டது. அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலத்தை அரசிதழில் ஏற்றக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்பதே பதில். காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து நீக்க மட்டும் அரசுக்கு நேரம் கிடைக்கிறது. இந்த அலட்சியத்தை நம் தோட்டத் தொழிலாளர் சமூகமும் அறியும். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்துக் கிடந்தன. பாடுபட்டவர் பெயர் எந்தக் கிராண்டிலும் இல்லை என்ற வலியைச் சுமந்த நாமே, நமக்கு முன்பிருந்த மக்களின் பெயரை விட்டுவிட்டுக் கையெழுத்திடுவது அநியாயம்.

மாநில அரசு மரபு நில எல்லைகளை அளந்து அரசிதழில் வெளியிட வேண்டும். அதுவரை, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடும் மேலாளர்களே, தணிக்கையாளர்களே, பக்கத்துப் பூர்வகுடிக் கிராமத்துக்குப் போய், அதன் தலைவரான தோக் பாத்தினிடம் எல்லையைக் கேட்டு, அவர் காட்டும் கோட்டையும் வரைபடத்தில் சேர்த்து அனுப்புங்கள்.