வைரஸ் நகலெடுக்கும் கையைப் பிடித்துவிட்டால்? குச்சிக்கிழங்குக்கு ஒரு புதுக் காவல்!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் போனால் மரவள்ளிக் காட்டைப் பார்க்காமல் வர முடியாது. கல்வராயன் மலையிலும் இந்தப் பயிர் உண்டு. ஊர்ப் பேச்சில் இது குச்சிக்கிழங்கு. தோண்டிய கிழங்கு ஆத்தூர், சேலம் வட்டாரத்து சேகோ ஆலைகளுக்குப் போய், நம் வீட்டுப் பாயசத்தில் ஜவ்வரிசியாக மிதக்கிறது.

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்து சுருண்டால், விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். அதுதான் தேமல் நோய். கிழங்கு சிறுத்துவிடும். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துதான் ஆலையில் விலை. பத்து மாத உழைப்பு அந்த ஒரு எண்ணில் நிற்கிறது.

நம் ஊரில் இதற்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். ஒன்றுக்கு இந்தியாவின் பெயர், இன்னொன்றுக்கு இலங்கையின் பெயர். பரப்புவது வெள்ளை ஈ. அதைவிடப் பெரிய வாகனம் நடவுக் குச்சி. போன வருஷத்துச் செடியை வெட்டித்தானே இந்த வருஷம் நடுகிறோம்? நோயும் குச்சியோடு கூடவே வந்துவிடும். நட்ட பிறகு எந்த மருந்தை அடித்தாலும் உள்ளே இருக்கும் வைரஸ் சாகாது. ஈயை வேண்டுமானால் விரட்டலாம்.

இந்த இடத்தில்தான் 'பெப்டைட் ஆப்டமர்' வருகிறது. பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் சின்னத் துண்டுக்குப் பெயர் பெப்டைட். அதன் இரண்டு முனைகளையும் தூளி கட்டுவதுபோல ஓர் உறுதியான புரதத்தில் கட்டிவிட்டால், அது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். 1996இல் அமெரிக்காவில் ராஜர் பிரெண்ட்டின் குழு இதைச் செய்து காட்டியது.

தேமல் வைரஸ் ஜெமினி வைரஸ் குடும்பம். செடிக்குள் தன்னை நகலெடுக்க அதற்கு 'ரெப்' என்ற புரதம் கட்டாயம் வேண்டும். ரெப்பை ஆப்டமர் பிடித்துக்கொண்டால்? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹேன்லி-பௌடோயின் குழு தக்காளியில் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டது. ஆப்டமரைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றிய தக்காளிச் செடிகளில், இலைச்சுருள் வைரஸ் பெருகுவது தாமதமானது. தக்காளியைத் தாக்கும் இந்த வைரஸும் மரவள்ளி வைரஸும் ஒரே குடும்பம். ரெப்பின் சில பகுதிகள் குடும்பம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பூட்டு பல கதவுகளுக்குப் பொருந்தலாம் என்ற ஆசை அதனால்தான்.

ஆனால் தக்காளியில் நடந்தது மரவள்ளியிலும் அப்படியே நடக்கும் என்று இப்போதே துள்ள வேண்டாம். இது மரபணு மாற்றுப் பயிர். இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி நிலத்துக்கு வந்தது, பி.டி. கத்தரிக்காய் 2010இல் நிறுத்திவைக்கப்பட்டது. சாப்பிடும் கிழங்கு என்றால் கேள்விகள் இன்னும் கூடும். கூடத்தான் வேண்டும்.

உணவுப் பாதுகாப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பெப்டைட் செடிக்குள் போவதில்லை, சோதனைக் கருவியில் தூண்டிலாக உட்கார்ந்திருக்கும். ஈரத்தோடு மூட்டை கட்டிய மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் இப்படிக் கெட்ட சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். இதுபோன்ற நச்சுகளை ஆய்வகத்துக்கு அனுப்பாமல், மண்டியிலேயே சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் கருவிகளுக்காகத்தான் இந்தத் தூண்டில்களை உருவாக்கிப் பார்க்கிறார்கள். நம் வாசலுக்கு முதலில் வரப்போவது அநேகமாக இதுதான்.

அதுவரை மரவள்ளிக்காரர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் 'ஸ்ரீ பத்மநாபா' தேமலைத் தாங்கும் ரகம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அறுவடைக்கு முன்பே, இலை பச்சையாக இருக்கும்போது காட்டைச் சுற்றிவந்து, திட்டு இல்லாத செடிகளில் துணி கட்டி வையுங்கள். அடுத்த நடவுக்குக் குச்சி அந்தச் செடிகளில் இருந்து மட்டும்.