பேரிங் வண்டிக்கு எந்தப் பக்கம் இடம்?

"சேரிப் பிள்ளைக்கு ஸ்கேட்டிங்கா?" என்று சிரிக்கிறார்கள். ஊர்த்தெருக்காரன் மட்டும் சிரித்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. நம்ம தோழர்களும் சிரிக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, வீட்டுக்குப் பட்டா இல்ல, இதுல சக்கரப் பலகை ஒரு கேடா என்கிறார்கள். பாதையும் வேணும், பட்டாவும் வேணும். அதுவரைக்கும் நம்ம பிள்ளை விளையாடக்கூடாது என்று எந்தத் தீர்மானத்தில் போட்டிருக்கிறோம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்கைப் பொறுக்கிப் பலகையில் மாட்டி, பசங்க உருட்டிக்கிட்டு வராங்க. கடையில் விற்கிற ஸ்கேட் போர்டிலும் நாலு சக்கரத்துக்குள் எட்டு பேரிங்தான். வித்தை நம்மகிட்ட இருக்கு. இடம்தான் இல்லை. கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில் உருட்டுகிறான். ஊர் மைதானத்துக்குப் போனால் "எந்தத் தெருடா நீ?"

இடம் எங்கே போச்சு? தேர்வாய் கண்டிகையைக் கேளுங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய காடு ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. மக்கள் மறித்தார்கள், போலீஸ் வந்தது. 2009இல் மிஷ்லின் டயர் கம்பெனி அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2012இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. அந்தக் கம்பெனி பேர் வாங்கியதே 1891இல் சைக்கிள் டயரில்தான்! அது டயர் செய்கிற ஊரில் நம்ம பையனுக்கு சைக்கிள் சுத்த ஒரு திடல் கிடையாது.

மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். ஆதிவாசிகள் தனி, யாதவர்கள் தனி. 2015இல் உல்ரிக் ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி அங்கே ஸ்கேட் பார்க் கட்டினார். ரெண்டே விதி. பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பலகை கிடையாது. பெண்பிள்ளைக்கே முதலிடம். ஆஷா கோண்டு என்ற ஆதிவாசிப் பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டி வரைக்கும் போனார். வெள்ளைக்கார அம்மா வந்துதான் நடக்கணுமா என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. சாதி கரைந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஒரே பலகையை ரெண்டு சாதிப் பிள்ளையும் மாத்தி மாத்தி மிதித்தது, அவ்வளவுதான். நமக்கு ஒரே டம்ளர் கிடைக்க எத்தனை வருஷம் ஆச்சு என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கேள்வி, எந்தப் பக்கம் கட்டுவது? ஊருக்குள் கட்டினால் இன்னொரு கோயில் மைதானம். சேரியை ஒட்டி, பஸ் நிற்கிற இடத்தில், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி கட்டணும். அப்போதுதான் நம்ம பெண்பிள்ளை பயமில்லாமல் வரும். ஊர்ப்பிள்ளை ஆடணும்னா சேரிக்கு வரட்டும்.

காங்கிரீட் வழவழன்னு இருக்கணும். விரிசலில் பலகையின் குட்டிச் சக்கரம் சிக்கினால் பல்லு போயிடும். பி.எம்.எக்ஸ் சைக்கிளுக்குச் சக்கரம் பெரிசு, அது தாங்கும், ஆனால் வேகம் எடுக்க நீளம் வேணும். வளைவின் உச்சியில் இரும்புக் குழாய் பதிக்கலைன்னா விளிம்பு சீக்கிரமே உடையும். ஐப்பசி மழைத் தண்ணி வடிய வழி வேணும். நிழல், விளக்கு, குடிதண்ணீர். இதுக்கு எந்த ஐ.ஐ.டி.காரனும் வேண்டாம். உருட்டாலையில் இரும்பு இழுக்கிறவன், வெல்டிங் அடிக்கிறவன், சித்தாள், கொத்தனார் எல்லாம் நம்ம ஆளு. வளைவு எவ்வளவு உயரம் என்று பிள்ளைகளைக் கேட்டால் போதும், அவங்களே மண்ணில் கோடு கிழித்துக் காட்டுவாங்க.

பணம்? லாபக் கணக்கில் வரம்பைத் தாண்டின கம்பெனி ரெண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கணும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கிராமப்புற விளையாட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்கணும், ஆனா கும்பிட்டு வாங்கக்கூடாது. மேய்ச்சல் காட்டுக்கு இது ஈடு என்று கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது. அந்த வழக்கு வேற, இந்தத் திடல் வேற. வாசலில் கம்பெனி போர்டும் வேண்டாம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட் போர்டில் தங்கம் வாங்கிய ஜப்பான் பெண்ணுக்கு அப்போது வயசு 13. நம்ம தெருவில் 13 வயசுப் பெண்பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு, சேரியை ஒட்டின புறம்போக்கின் சர்வே எண்ணோடு மனு எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், பேரிங் வண்டியோடு.