படகுக்குப் பின் தொடங்கும் செலவு

கண் சிகிச்சைக்காக நெடுந்தீவிலிருந்து வந்த என் பெரியம்மாவை அழைத்துவரச் சென்ற வாரம் வாடகைக் காரில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்றிருந்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்று மிகுந்தால் அது நீளும்; காரின் காத்திருப்புக் கட்டணமும் உடன் நீளும்.

தீவகப் போக்குவரத்து பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் படகையே சுற்றி நிகழ்கின்றன. உண்மையில் முதியவரின் பயணச் செலவைத் தீர்மானிப்பது, அதன்பின் வேலணை வழியாக யாழ்ப்பாணம்வரை நீளும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தரைவழியே. பேருந்து உண்டு. ஆனால் இருவர் கைபிடித்துக் கரையேற்றிய மூதாட்டியால் பையுடன் ஓடி அதில் இடம்பிடிக்க இயலாது. பிள்ளைகள் வெளிநாட்டில், பணம் வரும், ஆள் வராது. அந்தப் பணமும் வராதவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். அவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

படகு வரும் நேரத்தோடு இணைந்த, முன்பதிவுள்ள பகிர்வு வான் ஒன்று இதனைப் பெருமளவு தீர்க்கும். வாடகையைப் பயணிகள் பகிரட்டும். படகு தாமதிப்பதால் நேரும் கூடுதல் செலவை மட்டும் உள்ளூராட்சிச் சபை ஏற்கட்டும். கடற்காற்றுக்குத் தனிமனிதர் தண்டம் செலுத்துவது எவ்வகை நியாயம்?

காரில் அமர்ந்ததும் பெரியம்மா கேட்ட முதற்கேள்வி வாடகை எவ்வளவு என்பதே. பாதியைக் குறைத்துச் சொன்னேன்.