14 வயசுல என்ன விளையாட்டு?



போன மாதம் எங்கம்மா என்னோட டென்னிகாய்ட் வளையத்தைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டாங்க. "ஒன்பதாவது வந்தாச்சு, பெரிய புள்ளையாயிட்ட, இன்னும் என்னடி ஆட்டம்?"னு கேட்டாங்க. அப்போ எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இப்போ சொல்கிறேன்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனை மாயா ராஜேஷ்வரன் ரேவதி 2009-ல் பிறந்தவர். 2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரைக்கும் போயிட்டார். அங்கே ஆடினவங்களில் நிறையப் பேர் டென்னிஸையே தொழிலாக வைத்திருக்கும் பெரியவர்கள். அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மானிடம் தோற்றார். அப்போ அவருக்கு வயசு 15. என்னைவிட ஒரு வயசுதான் கூட!

டென்னிஸில் வயசுக்கு ஒரு கணக்கு உண்டு. 13 வயது முடிந்தால் சர்வதேச ஜூனியர் போட்டியில் ஆடலாம். 14 முடிந்தால் பெண்கள் தொழில்முறைப் போட்டிக்குள் நுழையலாம். ஆனால் இஷ்டத்துக்கு ஆட முடியாது. சின்னப் பிள்ளைகள் உடம்பு கெட்டுவிடக் கூடாது என்று, 18 வயது வரை வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வைத்திருக்கிறார்கள். சின்னப் போட்டியில் ஜெயித்துப் புள்ளி சேர்த்துத்தான் பெரிய போட்டிக்குப் போகணும். மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாத்தான் ஏறணும்.

அதாவது, 14 வயசுலதான் அங்கே கதவைத் திறக்கிறாங்க. நம்ம ஊர்ல அதே 14 வயசுலதான் பொண்ணுங்களுக்குக் கதவைச் சாத்துறாங்க. இது நியாயமா?

இன்னொன்றும் கவனித்தேன். கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையர் முதல் சுற்றில் ஜெயித்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர் அப்பா. சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். அவருக்கும் அப்பாதான் குரு. அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே பட்டத்தை வாங்கினார். திறமை இருந்தது, சரி. ஆனால் முதலில் வீட்டில் ஒருத்தர் "போ, ஆடு" என்று சொல்லியிருக்கிறார்.

டென்னிஸுக்கு மைதானம், மட்டை, பயணம் என்று ரொம்பச் செலவாகும். நாம எல்லாரும் மாயா ஆகிவிட முடியாது. எங்கம்மா பயமும் பொய்யில்லை. ஆடி முடிச்சு வர இருட்டிடும், மழைக்காலத்துல இன்னும் சீக்கிரமே இருட்டிடும். ஆனா டென்னிகாய்ட்டுக்கு ஒரு வளையமும் ஒரு வலையும் போதும். பள்ளி விட்டதும் அரை மணி நேரம் ஆடிட்டு, நாலஞ்சு பேராச் சேர்ந்து நடந்தா இருட்டுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடலாம். ஆடுறதால மார்க் குறைஞ்சா அப்புறம் கேளுங்க.

நான் குறுவட்டப் போட்டிக்குப் போவேனா, மாவட்டம் வரை போவேனா, தெரியாது. ஆடிப் பார்த்தால்தானே தெரியும்? தோற்றுப் போய் நிறுத்தினால் பரவாயில்லை. ஆடாமலே நிறுத்துறதுதான் எனக்கு அழுகையா வருது.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பெண் பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னா எங்கம்மா கேட்க மாட்டாங்க. நீங்க சொன்னா அவங்களே பரண்ல ஏறி வளையத்தை எடுத்துத் தருவாங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
இளையாத்தங்குடி.