அரபு லீகின் வாசல்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை சோமாலிய நாவலாசிரியர் நூருத்தீன் ஃபராவைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரை ஆப்பிரிக்க இலக்கியத்தில் சேர்ப்பதா, அரபு இலக்கியத்தில் சேர்ப்பதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஃபராவின் தாய்மொழி சோமாலி. நாவல்களை எழுதுவது ஆங்கிலத்தில். 'ஆனால் சோமாலியா அரபு லீகில் உறுப்பு நாடாயிற்றே' என்றார் இன்னொருவர். பேச்சு இலக்கியத்தை விட்டு விலகி, அந்த அமைப்பில் ஒரு நாடு எப்படி உறுப்பினராகிறது என்ற கேள்விக்குப் போய்விட்டது. அதைத் தொடர்ந்து படித்ததில் எங்களுக்குத் தோன்றியவற்றை இங்கே முன்வைக்கிறோம்.

1945 மார்ச் 22 அன்று கெய்ரோவில் கையெழுத்தான லீகின் சாசனம் இவ்விஷயத்தில் மிகவும் சுருக்கமானது. சுதந்திரமான எந்த அரபு நாட்டுக்கும் உறுப்பினராகும் உரிமை உண்டு. விரும்பும் நாடு நிரந்தரச் செயலகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்துக் கூடும் கூட்டத்தில் அது கவுன்சிலின் முன் வைக்கப்படும். அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விழையும் நாடு தன் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் பல்லாண்டுகள் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. இங்கே அப்படியொன்றும் இல்லை. 'சுதந்திரமான', 'அரபு' என்ற இரு அடைமொழிகளே வாசற்காவலர்கள். அவற்றுள் இரண்டாவது எதைக் குறிக்கிறது என்று சாசனம் விளக்கவேயில்லை.

விளக்கப்படாத சொல்லுக்கு அந்தந்தக் கால அரசியலே பொருள் தந்து வந்திருக்கிறது. 1961 ஜூனில் குவைத் சுதந்திரமடைந்த சில நாட்களுக்குள், அது தன் நிலம் என்று ஈராக் உரிமை கோரியது. ஜூலையில் குவைத்தின் விண்ணப்பம் கவுன்சிலுக்கு வந்தபோது ஈராக்கின் பிரதிநிதி வெளிநடப்புச் செய்தார். எஞ்சியவர்கள் குவைத்தை ஏற்றுக்கொண்டார்கள். சோவியத் எதிர்ப்பால் ஐ.நா.வில் அந்நாடு 1963 வரை காத்திருக்க நேர்ந்தது. 1960இலேயே விடுதலை பெற்ற மொரிட்டானியாவின் கதை வேறு. அதை மொராக்கோ தன் பகுதியென்று கருதியது, 1969இல்தான் அங்கீகரித்தது. மொரிட்டானியா லீகில் நுழைந்தது 1973இல். மாறாக, 1976இல் பாலஸ்தீனம் முழு உறுப்பினராக்கப்பட்டபோது 'சுதந்திரமான' என்ற அடைமொழி மௌனமாக ஒதுங்கிக்கொண்டது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. விதியைக் காட்டிலும் நியாயம் பெரிது என்று அன்று உணர்ந்திருக்கிறார்கள்.

சோமாலியா 1974இலும் ஜிபூத்தி 1977இலும் கொமொரோஸ் 1993இலும் சேர்ந்தன. சோமாலியா தன் மொழிக்கு லத்தீன் எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்று இரண்டாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. கொமொரோஸில் மக்கள் பேசுவது ஸ்வாஹிலிக்கு நெருங்கிய மொழி. அரபியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சாட் நாடோ உறுப்பினராக இல்லை. எனவே மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு 22 உறுப்பினர்களின் பட்டியலை விளக்க முடியாது.

இந்தத் தெளிவின்மையை நாங்கள் குறையாகக் கருதவில்லை. இரத்தத்தைக் கொண்டோ நாக்கைக் கொண்டோ 'அரபு' என்பதை வரையறுத்திருந்தால் அந்த வாசல் இன்னும் குறுகியிருக்கும். எங்கள் மனக்குறை வேறு. வாசல் வழியே உள்ளே நுழைவது அரசு. பெயர் சூட்டப்படுவதோ மக்களுக்கு. மொராக்கோவும் அல்ஜீரியாவும் உறுப்பினரானபோது அங்குள்ள அமாஸிக் மக்களும் சேர்ந்தே 'அரபு உலக'மானார்கள். அவர்கள் மொழி மொராக்கோவில் 2011இலும் அல்ஜீரியாவில் 2016இலும்தான் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1956இல் சூடான் சேர்ந்தபோது அதன் தென்பகுதி மக்களை யார் கேட்டார்கள்? 2011இல் அவர்கள் தனிநாடாகப் பிரிந்து போனார்கள்.

நுழையும்போது கேட்கப்படாத கேள்வி, பிறகும் உறுதியாகக் கேட்கப்படுவதில்லை. சொந்த மக்களை ஒடுக்கியதற்காக 2011 நவம்பரில் சிரியா இடைநிறுத்தம் செய்யப்பட்டது. 2023 மே மாதம், அதே அசாத் ஆட்சி எதற்கும் பதில் சொல்லாமலே திரும்ப அழைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அதை விசாரிக்கக் கிடைத்த வாய்ப்பை லீக் முன்பே கைவிட்டிருந்தது. 'நீ அரபு நாடா' என்று கேட்கும் அமைப்பு, 'உன் குடிமக்களை எப்படி நடத்துகிறாய்' என்றும் கேட்டிருந்தால் அதன் உறுப்பினர் தகுதிக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். வாசல் அகலமாகவே இருக்கட்டும். உள்ளே வந்தவர்கள் ஏற்க வேண்டிய கடமை சாசனத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நண்பரின் கேள்விக்கு வருவோம். ஃபரா எந்த இலக்கியத்தைச் சேர்ந்தவர்? அதைத் தீர்மானிக்கும் உரிமையை 1974இல் சோமாலியாவின் ராணுவ அரசு அளித்த விண்ணப்பத்துக்குக் கொடுக்க நாங்கள் தயாராக இல்லை. அந்த ஆட்சியால் நெடுங்காலம் நாடு திரும்ப முடியாமல் இருந்த எழுத்தாளர் அவர். தன் நாவல்களில் சோமாலியாவை விட்டு விலகாதவரும் அவரே. நாங்கள் அவரை அங்கேயே வைத்துப் படிக்கிறோம்.