தராசில் ஏற வேண்டியவர் யார்?

கதை எழுதவும் கவிதை புனையவும் அமெரிக்க நாட்டில் கல்லூரிப் பட்டம் தருகிறார்கள். 1936-ல் அயோவா பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வழி அது. இன்று அத்தகைய முதுகலைப் பட்டம் வழங்கும் இடங்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. அந்தப் பட்டத்தை வாங்கியவர் பட்ட கடன் எவ்வளவு, பெறும் ஊதியம் எவ்வளவு என்று இப்போது தராசு தூக்கி நிறுத்துகிறார்கள். நிறுக்கட்டும். உழைத்துப் பிழைப்பவர்கள் கணக்குக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். ஆனால் தட்டில் யாரை ஏற்றுகிறார்கள், யாரை ஏற்றாமல் விடுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் வரவைப் பார்ப்போம். அந்நாட்டு எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்ட் 2023-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களில் பாதிப்பேர் 2022-ல் புத்தகத்தால் பெற்றது 10,000 டாலரைத் தாண்டவில்லை. சொற்பொழிவு, வகுப்பு, பத்திரிகைக் கட்டுரை என்று மற்ற வரும்படிகளைச் சேர்த்தாலும், பாதிப்பேர் 20,000 டாலருக்குக் கீழேதான். 2009-ல் அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் தரை துடைக்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 15,080 டாலர் கிடைக்கும். எழுத்தாளரில் பாதிப்பேருக்குப் புத்தகத்தால் மட்டும் வந்த வருவாய் அதையும் எட்டவில்லை!

இனிச் செலவு. ஒருவர் இந்தப் படிப்புக்காக 60,000 டாலர் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 2024-25-ல் முதுகலை மாணவருக்கு அரசு விதித்த வட்டி 8.08 சதவிகிதம். ஆண்டு வட்டி மட்டும் 4,848 டாலர். புத்தகம் 10,000 தந்தால், அதில் ஏறத்தாழப் பாதியை வட்டியே விழுங்கிவிடும். அசல் அப்படியே நிற்கும். வருவாய்க்கேற்ற தவணைத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் புதிய திட்டத்தில் அந்தச் சுமை 30 ஆண்டு வரைகூடத் தொடரலாம்.

இது கற்பனைக் கணக்கு என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு வெளியிட்ட செய்தி உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்படத் துறை முதுகலை முடித்து, அரசுக் கடன் வாங்கியவர்களில் பாதிப்பேருக்குக் கடன் 1,81,000 டாலருக்கு மேல். படிப்பு முடிந்து ஈராண்டு கழித்து அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருவாய் 30,000 டாலருக்கும் குறைவு. நம் முதலாளித்துவ ஏடுகளும் மறுக்க முடியாத சாட்சி அது. பணக்காரர்கள் படிக்கும் ஏடே எழுதியது!

வியாபாரி நொடித்தால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு மறுநாள் வேறு பெயரில் கடை திறக்கிறான். மாணவனுக்கு அந்த வாசலும் இல்லை. 1976-ல் அந்த வாசலைச் சாத்தத் தொடங்கினார்கள். 1998-ல் இறுக்கினார்கள். 2005-ல் தனியார் வங்கிக் கடனுக்கும் சேர்த்துத் தாழிட்டார்கள். தாங்க முடியாத இன்னல் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால் ஒழிய விடுதலை இல்லை.

இப்போது ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தானது. 2006 முதல் கல்லூரி கேட்ட செலவு முழுவதையும் அரசு கடனாகத் தந்து வந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. முதுகலை முடித்தவர்கள் இளங்கலையோடு நின்றவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தால், மூன்றாண்டில் ஈராண்டு அப்படி நேர்ந்தால், அந்தப் படிப்புக்கு அரசுக் கடனே இல்லை.

கடன் சுருக்கு தளர்வது நல்லதுதானே என்பார்கள் சிலர். அதில் உண்மை இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. கட்டணத்தைக் கேட்ட மாத்திரத்தில் அரசு கடன் தந்ததால், கல்லூரி ரொக்கமாக வாங்கிப் பெட்டியில் பூட்டியது. ஆபத்து முழுவதும் மாணவன் தலையில் விழுந்தது. ஆனால் இச்சட்டம் கட்டணத்துக்கு வரம்பு கட்டியதா? இல்லை! கடனுக்கு மட்டும் கட்டியது. மீதியைக் கையிலிருந்து தரக்கூடியவன் வீட்டுப் பிள்ளை சேருவான். தர முடியாதவன் பிள்ளை தனியார் வங்கியின் வாசலில் நிற்பான், அல்லது வீடு திரும்புவான். பிறகு நாட்டின் கதையை யார் எழுதுவார்? மாளிகையில் பிறந்தவன் எழுதுவான்; மண்வெட்டி பிடித்தவன் கதையையும் அவனே எழுதுவான்!

வேறு வழி இல்லையா? உண்டு. அந்நாடே காட்டிய வழி. 1935-ல், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், அரசாங்கம் எழுத்தாளர் திட்டம் ஒன்றை வகுத்து ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்தது. மிசிசிப்பியில் குத்தகை உழவரின் மகனாகப் பிறந்த கறுப்பினத்தவர் ரிச்சர்ட் ரைட் அதில் வேலை பார்த்தார். 1940-ல் அவருடைய 'நேட்டிவ் சன்' நாவல் வெளிவந்து அமெரிக்காவை உலுக்கியது. அவருக்குக் கிடைத்தது கூலி. கடன் பத்திரம் அல்ல.

இன்றும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்செனர் மையம் போன்ற சில இடங்கள் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தந்து இதே படிப்பைக் கற்பிக்கின்றன. ஓரிடத்தில் முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது? பட்டம் கையில் இருந்தும் ஊதியம் உயரவில்லை என்றால் அதற்கும் மருந்து உண்டு. 2023-ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியத்தை உயர்த்திக்கொண்டார்கள், எழுதும் இயந்திரத்தைக் காட்டித் தங்கள் கூலியைக் குறைக்க முடியாதபடி ஒப்பந்தத்தில் காப்பும் பெற்றார்கள். பட்டத்தால் வராதது சங்கத்தால் வந்தது.

நம் தோழர்களுக்கு ஒரு சொல். நம் ஊரிலும் பிள்ளையின் கல்விக் கடனில் தகப்பனார் கூட்டுக் கையெழுத்துப் போடுகிறார். எந்தப் படிப்பானாலும் பேனாவை எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முடித்தவர்களில் பாதிப்பேர் பெறும் ஊதியம் என்ன? படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறுமா? இதே படிப்பைக் கட்டணமின்றித் தரும் இடம் உண்டா? விடை சொல்லத் தயங்கும் கல்லூரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குங்கள்.

எழுத ஆசைப்பட்டது குற்றமல்ல. அந்த ஆசைக்கு விலைச்சீட்டு ஒட்டியவர்களைத் தராசில் ஏற்றுங்கள். கடனைக் குறைப்பதோடு கட்டணத்தையும் குறையுங்கள். எழுதியவருக்குக் கூலி கொடுங்கள். கணக்கு அப்போதுதான் நேராகும்.