தின்றால் மட்டும் நலமா?

"நன்றாகத் தின்கிறது, இணை சேருகிறது, முட்டையும் இடுகிறது. அப்புறம் பாம்புக்கு என்ன குறை?" அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செல்லப் பாம்பு வளர்த்து விற்பவர்கள் பலர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் சமாதானம் இது. வாங்குகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். உண்மை வெளிவந்த பிறகும் இதே பேச்சு ஓயாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் சாதுவான பிராணி. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். 1999இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு பாம்பின் மேல், சிலந்தி வலை போல மெல்லிய கருங்கோடுகள் ஓடின. அதன் வாரிசுகள் 'ஸ்பைடர்' என்ற பெயரில் விலைபோயின. தாய் தந்தையில் ஒன்று ஸ்பைடராக இருந்தாலே போதும், குட்டிகளில் ஏறக்குறையப் பாதி அதே கோலத்தோடு பொரிக்கும். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மரபணு கோலத்தை மட்டும் தருவதில்லை. இரை கொடுக்கும்போது பார்த்தால் தெரியும். இடுக்கியில் எலியை நீட்டியதும் தலை இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். கழுத்து முறுக்கிக்கொள்ளும், சில பாம்புகளுக்குத் தாடையே மேலே திரும்பிவிடும். பாயும்போது எலியை விட்டு வெறுங்காற்றைக் கவ்வும். மறுபடி பாயும், மறுபடி தவறும். 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தப் பாம்புகளின் தலையை நுண் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். உட்செவியின் அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய சிறு பையும் உருக்குலைந்திருந்தன. எது மேல், எது கீழ் என்று உடலுக்குச் சொல்லும் உறுப்பே பழுது.

தின்கிறதே என்கிறார்கள். தின்னாமல் என்ன செய்யும்? அடுக்கி வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரை மூக்குக்கு நேரே வருகிறது. இணையையும் மனிதர்களே கொண்டுவந்து விடுகிறார்கள். துரத்த எதிரி இல்லை, ஏறக் கிளை இல்லை. சமநிலை தேவைப்படும் வேலை எல்லாவற்றையும் பறித்துவிட்டு, சமநிலை இல்லாவிட்டாலும் பிழைக்கிறதே என்று காட்டுவது என்ன நியாயம்?

விற்பனையில் நடப்பது இதைவிட மோசம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் புகைப்படம். அசையாத படத்தில் ஆட்டம் எப்படித் தெரியும்? பெயரும் துணைபோகிறது. ஸ்பைடரைப் பாஸ்டல் என்ற வகையோடு சேர்த்தால் பிறப்பது 'பம்பிள்பீ'. முதல்முறையாகப் பாம்பு வாங்க வரும் பையனுக்கு அந்தப் பெயருக்குள் ஸ்பைடர் இருப்பது எங்கே தெரியப்போகிறது? கேட்டால் சொல்கிறோமே என்பார்கள். கேட்கத் தெரியாதவனிடம்தானே விற்கிறார்கள்! கேட்டவனுக்கும் "லேசான ஆட்டம்தான்" என்ற பதில். குட்டியில் லேசாக இருப்பது பின்னால் கூடலாம், பதற்றத்தில் கட்டாயம் கூடும். தேர்ந்தெடுத்து இணைசேர்த்தால் ஆட்டம் போய்விடும் என்ற வாக்குறுதியும் உண்டு. கோலத்தையும் ஆட்டத்தையும் இத்தனை தலைமுறையாக யாராலும் பிரிக்க முடியவில்லை.

வெளிப்படையாக இருக்க முடியாத தொழில் இல்லை இது. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற மஞ்சள் நிறப் பல்லிகளுக்குத் தோலில் கட்டிகள் வந்தபோது, அவற்றை வளர்த்த அமெரிக்கர் ஒருவர் மூடி மறைக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு மாதிரிகளைக் கொடுத்தார். நிறத்தையும் புற்றையும் ஒரே மரபணுவோடு இணைத்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பாம்புக்காரர்களுக்கு அந்த மனம் ஏன் வரவில்லை?

பிரிட்டனின் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் விற்பனைக் கூடங்களில் ஸ்பைடரை 2018இல் தடைசெய்தது. மற்ற சந்தைகளும் அதைச் செய்ய வேண்டும். இந்த மரபணு உள்ள எந்தப் பாம்பையும் இனி இணைசேர்க்கக் கூடாது. ஏற்கெனவே பிறந்தவை கூண்டில் முப்பது ஆண்டுகூட வாழக்கூடியவை. அவற்றைக் கைமாற்றுவதானால், ஸ்பைடர் என்ற பெயரோடும் இரை பிடிக்கும் காணொளியோடும்தான் கைமாற்ற வேண்டும்.